பிளஷ் வால்வு: வரலாறும், நீரின் வேகம் குறைவதன் காரணங்களும்

பிளஷ் வால்வு என்பது, கழிப்பறைக் கோப்பைக்குப் பின்னால் தனித் தொட்டி எதுவும் இல்லாமல், தண்ணீர்க் குழாயிலிருந்தே நேராக நீரைப் பாய்ச்சிக் கோப்பையைக் கழுவும் கருவியாகும். மருத்துவமனை, திரையரங்கு, பேருந்து நிலையம், கல்லூரி, திருமண மண்டபம் போன்ற பலரும் வந்துபோகும் கட்டடங்களில் இதை அதிகம் காணலாம். அழுத்தினால் சில விநாடிகள் நீர் பாய்ந்து தானே நின்றுவிடும். தொட்டி நிரம்பும் வரை அடுத்தவர் காத்திருக்க வேண்டியதில்லை.

இந்தக் கருவியைப் பற்றி நம் ஊர்களில் பரவலாகக் கேட்கும் குறை ஒன்று உண்டு: "அழுத்தினால் தண்ணீர் வேகமாக வருவதில்லை." வால்வை மாற்றிய பிறகும் இந்தக் குறை தீராமல் போவதைப் பார்க்கிறோம். அதற்குக் காரணம் பெரும்பாலும் வால்வில் இல்லை, அதன் வரலாற்றில் இருக்கிறது. எந்த ஊருக்காக, எந்த வகைத் தண்ணீர் வழங்கலுக்காக இது உருவாக்கப்பட்டது என்பது தெரிந்தால், நம் கட்டடத்தில் இது ஏன் சோர்ந்துபோகிறது என்பதும் விளங்கும்.

தொடக்க காலம்

தண்ணீரால் கழுவும் கழிப்பறை புதிய எண்ணம் அன்று. சிந்துவெளி நகரமான மொகஞ்சதாரோவில் வீட்டுக் கழிவுநீர் செங்கல் வாய்க்கால் வழியாகத் தெருச் சாக்கடைக்குச் சென்றது. ஆனால், நீரைத் தேக்கிவைத்து, வேண்டும்போது திறந்துவிடும் கருவி பிற்காலத்தில் வந்தது. இங்கிலாந்தில் 1596-இல் சர் ஜான் ஹாரிங்டன் அத்தகைய கழிப்பறை ஒன்றை விவரித்து நூல் எழுதினார். அவர் அரசி முதலாம் எலிசபெத்தின் ஞானப்பிள்ளை. ஊரில் குழாய்த் தண்ணீரோ பாதாளச் சாக்கடையோ இல்லாத காலம் அது. ஆகவே அந்தக் கருவி பரவவில்லை.

1775-இல் அலெக்சாந்தர் கம்மிங் என்ற கடிகாரத் தொழிலாளர், கழிப்பறைக்கு அடியில் வளைந்த குழாயை அமைத்துக் காப்புரிமை பெற்றார. அந்த வளைவில் எப்போதும் சிறிதளவு நீர் தேங்கி நிற்கும். சாக்கடை நாற்றம் அந்த நீரைத் தாண்டி மேலே வராது. இதையே இன்று நம் பிளம்பர்கள் 'எஸ் டிராப்', 'பி டிராப்' என்கிறார்கள். 1778-இல் ஜோசப் பிரமா இந்த அமைப்பை மேம்படுத்தினார். 1851-இல் இலண்டனில் நடந்த பெரும் பொருட்காட்சியில் ஜார்ஜ் ஜென்னிங்ஸ் என்பவர் பொதுக் கழிப்பறைகளை அமைத்தார். கட்டணம் ஒரு பென்னி. 8 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அவற்றைப் பயன்படுத்தினர்.

தமிழில் பேச்சு வழக்கில் உள்ள 'கக்கூஸ்' என்ற சொல் டச்சு மொழியிலிருந்து வந்தது. பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் டச்சுக்காரர் வணிகம் செய்த காலத்தின் எச்சம் அது. கருவி வரும் முன்பே பெயர் வந்துவிட்டது எனலாம்.

இங்கிலாந்தின் தொட்டி

19-ஆம் நூற்றாண்டில் இலண்டனில் வீட்டுக்கு வீடு கழிப்பறைகள் பெருகியபோது புதிய சிக்கல் எழுந்தது. குழாயிலிருந்து நேராகத் திறந்துவிடும் வால்வுகள் ஒழுகின. சிலர் அவற்றைத் திறந்தபடியே விட்டுவிட்டனர். நகரின் நீர் வீணாயிற்று. 1871-ஆம் ஆண்டின் நீர்ச் சட்டத்தை ஒட்டி வந்த விதிகள், ஒரு முறை கழுவ 2 காலன், அதாவது சுமார் 9 லிட்டர் நீருக்கு மேல் கூடாது என வரம்பிட்டன. அதற்கு ஏற்ற கருவியே சுவரில் உயரத்தில் பொருத்திய வார்ப்பிரும்புத் தொட்டி. சங்கிலியை இழுத்தால் தொட்டியில் உள்ள அளவு நீர் மட்டுமே இறங்கும். அந்தத் தொட்டிக்குள் இருந்தது வால்வு அன்று, வடிகுழாய் முறை. வால்வு இல்லாததால் ஒழுகவும் வழியில்லை.

இங்கிலாந்து இந்த முறையை நூறு ஆண்டுகளுக்கும் மேலாகக் கைவிடவில்லை. 1999-ஆம் ஆண்டு விதிகள் வந்த பிறகே அங்கு வால்வு முறைக்கு இருந்த தடை தளர்ந்தது. அவர்கள் ஆண்ட நாடு என்பதால் இந்தியாவுக்கும் முதலில் வந்தது சங்கிலித் தொட்டியே. பழைய பயணியர் விடுதிகளிலும் மருத்துவமனைகளிலும் அந்த வார்ப்பிரும்புத் தொட்டிகளைப் பார்த்தவர்கள் இன்றும் இருப்பார்கள்.

சிகாகோவில் பிறந்த வால்வு

அமெரிக்கா வேறு வழியில் சென்றது. அங்கே பெரிய நகரங்களில் எந்திரங்களால் நீரேற்றி, நாள் முழுவதும் அழுத்தத்துடன் குழாய்களில் வழங்கினார்கள். உயர்ந்த அலுவலகக் கட்டடங்களும் தொழிற்சாலைகளும் எழுந்தன. ஒரே கழிப்பறையை நாளொன்றுக்கு நூறு பேர் பயன்படுத்தும் இடத்தில், தொட்டி நிரம்பக் காத்திருப்பது பெரிய இடையூறு.

1906-இல் சிகாகோவில் வில்லியம் எல்விஸ் ஸ்லோன் என்பவர், தொட்டி இல்லாமல் குழாயின் அழுத்தத்தைக் கொண்டே கழுவும் வால்வை உருவாக்கி விற்கத் தொடங்கினார். முதல் ஆண்டில் ஒன்று, இரண்டாம் ஆண்டில் இரண்டு என்ற அளவிலேயே விற்பனை ஆனதாக அந்த நிறுவனத்தின் வரலாறு கூறுகிறது. பின்னர் அது அமெரிக்கப் பொதுக் கட்டடங்களின் வழக்கமான கருவியாயிற்று. இன்று உலகெங்கும் பொதுக் கழிப்பறைகளில் உள்ள தொட்டியில்லா வால்வுகள் பலவும் இதே தத்துவத்தில் இயங்குபவை.

இங்கே மாணவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. தொட்டி முறையில் நீர் கழிப்பறையிலேயே சேமிக்கப்படுகிறது. வால்வு முறையில் அங்கே சேமிப்பு எதுவும் இல்லை. குழாயில் உள்ள அழுத்தம்தான் அதன் முதல். அந்த முதல் குறைந்தால் வால்வு என்ன செய்யும்?

வால்வு வேலை செய்யும் விதம்

வால்வின் உள்ளே ரப்பரால் ஆன வட்டத் தகடு ஒன்று உண்டு. இதை 'டயாபிரம்' என்பார்கள். சில வகைகளில் இதற்குப் பதிலாக உந்துதண்டு இருக்கும். தகட்டுக்கு மேலே ஓர் அறை, கீழே நீர் செல்லும் வழி. தகட்டில் ஊசிமுனை அளவுக்குச் சிறு துளை இருக்கிறது. குழாய் நீர் அந்தத் துளை வழியாக மேல் அறையை நிரப்பி, தகட்டை மேலிருந்து அழுத்தி, வழியை மூடி வைத்திருக்கும்.

கைப்பிடியை அழுத்தும்போது மேல் அறையில் உள்ள நீர் வெளியேறுகிறது. மேலழுத்தம் போனதும் கீழே உள்ள நீர் தகட்டைத் தூக்கிக்கொண்டு கோப்பைக்குப் பாய்கிறது. இதற்குள் சிறு துளை வழியாக மேல் அறை மெல்ல நிரம்புகிறது. நிரம்பியதும் தகடு இறங்கி வழியை அடைக்கிறது. ஆக, எத்தனை விநாடி நீர் பாய வேண்டும் என்பதை முடிவு செய்வது அந்தச் சிறு துளைதான்.

இதிலிருந்து இரண்டு செய்திகள் கிடைக்கின்றன. துளை பெரிதாகிவிட்டாலோ, தகடு கிழிந்துவிட்டாலோ, மேல் அறை சீக்கிரம் நிரம்பும், நீர் அரைகுறையாகப் பாய்ந்து நின்றுவிடும். துளையில் மண்ணோ உப்போ அடைத்துக்கொண்டால், மேல் அறை நிரம்பாது, நீர் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும்.

இந்தியக் கட்டடங்களில்

தமிழ்நாட்டில் குழாய்த் தண்ணீரும் பாதாளச் சாக்கடையும் முதலில் விரிவாக அமைந்தது சென்னையில்தான். செங்குன்றம் ஏரி நீர் 1872-இல் நகருக்கு வந்தது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜே. டபிள்யூ. மேட்லி என்ற பொறியாளர் குடிநீர், கழிவுநீர்த் திட்டங்களை வகுத்தார். தியாகராய நகரில் உள்ள மேட்லி சாலை அவர் பெயரால் வழங்குகிறது. விடுதலைக்குப் பின் இராணிப்பேட்டையில் பாரி நிறுவனம் பீங்கான் கழிப்பறைப் பொருள்களைத் தயாரித்தது. பிளஷ் வால்வுகளும் இங்கேயே தயாராகின. அவற்றுக்கு ஐ.எஸ். 9758 என்ற இந்தியத் தரநிர்ணயமும் வந்தது.

ஆனால், தண்ணீர் வழங்கும் முறை அமெரிக்கா போல் ஆகவில்லை. நம் ஊர்களில் குழாயில் நீர் வருவது சில மணி நேரமே. சில ஊர்களில் சில நாட்களுக்கு ஒருமுறை. எனவே கிடைத்த நீரைத் தரைத்தொட்டியில் பிடித்து, மோட்டார் வைத்து மாடித் தொட்டிக்கு ஏற்றி, அங்கிருந்து இறக்கிப் பயன்படுத்துகிறோம். 1975-இல் குஜராத்தில் உள்ள கலோலிலிருந்து பிளாஸ்டிக் தொட்டிகள் விற்பனைக்கு வந்தன. அதற்குப் பிறகு 'சின்டெக்ஸ்' என்ற நிறுவனப் பெயரே மாடித் தொட்டிக்குப் பொதுப்பெயர் ஆகிவிட்டது.

மாடித் தொட்டியிலிருந்து வரும் நீரின் அழுத்தம் உயரத்தைப் பொறுத்தது. 10 மீட்டர் உயரத்துக்கு ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 1 கிலோ அழுத்தம் கிடைக்கும். அமெரிக்க வகை வால்வு நன்கு இயங்க ஏறத்தாழ இந்த அளவு அழுத்தமாவது வேண்டும். தரைத்தளமும் இரண்டு மாடிகளும் உள்ள கட்டடத்தை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு தளமும் 3 மீட்டர், மொட்டைமாடியில் 1 மீட்டர் மேடை மேல் தொட்டி என்றால், தொட்டியின் அடி தரையிலிருந்து 10 மீட்டரில் இருக்கும். வால்வு அந்தந்தத் தளத்திலிருந்து 1 மீட்டர் உயரத்தில் இருப்பதாகக் கொண்டால், தரைத்தளத்து வால்வுக்கு 9 மீட்டர், முதல் மாடிக்கு 6 மீட்டர், இரண்டாம் மாடிக்கு 3 மீட்டர் உயர அழுத்தமே கிடைக்கும். கீழே நன்றாகக் கழுவும் அதே வால்வு மேலே சோர்ந்து நிற்பது இதனால்தான்.

அழுத்தத்தோடு குழாயின் அகலமும் சேர்கிறது. சாதாரணக் குழாயில் 10 லிட்டர் வாளி நிரம்ப ஒரு நிமிடம் ஆகலாம். கழிப்பறைக்கோ அந்த 10 லிட்டரும் ஐந்தாறு விநாடிகளில் வேண்டும். தொட்டி வைத்த கழிப்பறையில், அரை அங்குலக் குழாய் மெதுவாக நிரப்பிய நீர் ஒரே மூச்சில் இறங்கிவிடும். வால்வு வைத்தால் அந்த வேகத்தைக் குழாயே தர வேண்டும். அதனால்தான் நம் கடைகளில் பிளஷ் வால்வுகள் ஒண்ணேகால் அங்குலம், ஒன்றரை அங்குலம், அதாவது 32, 40 மில்லிமீட்டர் அளவுகளில் விற்கப்படுகின்றன. 25 மில்லிமீட்டர் குழாயைவிட 40 மில்லிமீட்டர் குழாயின் திறப்பு இரண்டரை மடங்கு பெரியது.

அய்யலூர்ப் பக்கத்து அனுபவம்

திண்டுக்கல் மாவட்டத்தில் திருச்சி நெடுஞ்சாலையில் உள்ளது அய்யலூர். வியாழக்கிழமை ஆட்டுச் சந்தையால் பலரும் அறிந்த ஊர். இந்தப் பக்கம் ஆழ்துளைக் கிணற்று நீரையே பெரிதும் நம்பியிருக்கிறோம். நீரில் உப்பு அதிகம். பாத்திரத்தில் வெள்ளையாகப் படிவது வீட்டில் எல்லோரும் பார்ப்பதுதான்.

நான் பணியாற்றிய பள்ளிகளில் ஒன்றில், இரண்டாம் மாடியில் மாணவியருக்காக நான்கு கழிப்பறைகள் கட்டினார்கள். பார்வைக்கு நன்றாக இருக்கட்டும் என்று நன்கொடையாளர் பிளஷ் வால்வு வாங்கிக் கொடுத்தார். ஒரு மாதத்திலேயே வேகம் போயிற்று. வால்வைக் குறை சொல்லி இரண்டு முறை மாற்றினோம். பயன் இல்லை. பிள்ளைகள் அந்தக் கழிப்பறைப் பக்கம் போவதை நிறுத்தினார்கள். சிலர் காலையிலிருந்து தண்ணீரே குடிப்பதில்லை என்பது பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

பிறகு வந்த வயதான பிளம்பர் வால்வைத் தொடவே இல்லை. முதலில் ஒரு வாளித் தண்ணீரைக் கோப்பையில் வேகமாக ஊற்றினார். எல்லாம் சுத்தமாக இறங்கியது. "சார், கோப்பையிலயும் அடைப்பு இல்ல, வால்வுலயும் குத்தம் இல்ல. தண்ணி வர்ற வழியைப் பாப்போம்" என்றார். மாடிக்கு ஏறினோம். தொட்டி மேடை இல்லாமல் தளத்திலேயே இருந்தது. அதிலிருந்து ஓர் அங்குலக் குழாய் ஒன்றே இறங்கி, கைகழுவும் குழாய்களுக்கும் நான்கு வால்வுகளுக்கும் பிரிந்தது. இடைவேளையில் எல்லாரும் ஒன்றாகத் திறந்தால் யாருக்கும் தண்ணீர் இல்லை.

அவர் இரண்டு வழி சொன்னார். ஒன்று, தொட்டியை உயர்த்திக் கழிப்பறைக்கு மட்டும் ஒன்றரை அங்குலக் குழாயைத் தனியாக இறக்குவது. மற்றொன்று, மேல்மாடியில் வால்வை எடுத்துவிட்டுச் சாதாரணப் பிளாஸ்டிக் தொட்டி வைப்பது. செலவு குறைவு என்று இரண்டாவதைச் செய்தோம். கழற்றிய வால்வுகள் தரைத்தளத்தில் இன்றும் வேலை செய்கின்றன.

வேகம் குறைந்தால் வரிசையாகப் பார்க்க வேண்டியவை

முதலில் வாளிச் சோதனை. ஒரு வாளி நீரை வேகமாக ஊற்றினால் கழிவு இறங்குகிறதா? இறங்கினால் கோப்பையும் வடிகுழாயும் சரி. இறங்காவிட்டால் அடைப்பு கீழே உள்ளது, வால்வை மாற்றி என்ன பயன்?

இரண்டாவது, தொட்டியில் நீர் இருக்கிறதா, தொட்டிக்கு அருகில் உள்ள கேட் வால்வு முழுவதும் திறந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முன்பு நடந்த ஏதோ வேலைக்காகப் பாதி மூடி, திறக்க மறந்துபோவது உண்டு.

மூன்றாவது, பிளஷ் வால்வின் பக்கத்தில் நீரின் அளவைக் கட்டுப்படுத்தும் திருகு இருக்கும். பல வகைகளில் அது சிறு மூடிக்குள் மறைந்திருக்கும். அதைத் திருப்புளியால் சிறிது சிறிதாகத் திறந்து பார்க்கலாம்.

நான்காவது, நீரை அடைத்துவிட்டு வால்வைக் கழற்றி டயாபிரத்தைப் பார்க்க வேண்டும். கிழிந்திருந்தால், விறைத்திருந்தால், அதே நிறுவனத்தின் அதே அளவு ரப்பரை வாங்கி மாற்ற வேண்டும். சிறு துளையைக் கம்பியால் குத்தக் கூடாது. துளை பெரிதாகிவிட்டால் நீர் முன்னதாகவே நின்றுவிடும். ஊறவைத்து மெதுவாகக் கழுவினால் போதும்.

ஐந்தாவது, கோப்பையின் விளிம்புக்கு அடியில் உள்ள துளைகள். உப்புத் தண்ணீர் ஊர்களில் இவை சுண்ணாம்பு படிந்து அடைபடும். வினிகரை ஊறவைத்துத் தேய்த்தால் படிவு இளகும். கழிப்பறை அமிலத்தையும் பிளீச்சிங் பவுடரையும் ஒருபோதும் சேர்த்துப் போடக் கூடாது. குளோரின் வாயு கிளம்பும், மூடிய அறையில் அது உயிருக்கே ஆபத்து.

ஆறாவது, கோப்பையும் வால்வும் பொருந்துகின்றனவா என்பது. அமெரிக்காவில் 1992-ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு முறைக்கான நீரை 6 லிட்டராகக் குறைத்தது. அதற்கு முன் சுமார் 13 லிட்டர் செலவானது. பழைய கோப்பையில் புதிய சிக்கன வால்வைப் பொருத்திய இடங்களில் சரியாகக் கழுவவில்லை. நம் ஊரிலும் பழைய கோப்பைக்குப் புதிய வால்வு வாங்குவோர் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் வேகம் இல்லை என்றால், குறை உயரத்திலும் குழாயிலும் இருக்கிறது.

நீருக்கு ஏற்ற கருவி

கருவிக்கு ஏற்ப நீரைத் தேடாமல், இருக்கும் நீருக்கு ஏற்பக் கருவியை அமைத்த முயற்சியும் நம் நாட்டில் நடந்தது. 1950-களில் சென்னைக்கு அருகே பூந்தமல்லியிலும், வங்காளத்தின் சிங்கூரிலும், டெல்லியை அடுத்த நஜஃப்கரிலும், கிராமங்களுக்கு ஏற்ற கழிப்பறைகளை ஆய்வு செய்தார்கள். சரிவு அதிகமான கோப்பையும் ஆழம் குறைந்த நீரடைப்பும் வைத்தால், கையால் ஊற்றும் சிறிதளவு நீரே போதும் என்ற முறை இத்தகைய முயற்சிகளால் உறுதிப்பட்டது. 1970-இல் பிந்தேஸ்வர் பாடக் தொடங்கிய சுலப் இயக்கம் இதே வழியில் இரட்டைக் குழிக் கழிப்பறையைப் பரப்பியது. அதற்கு ஒரு முறைக்கு ஒன்றரை முதல் 2 லிட்டர் போதும். குழாய் அழுத்தமே தேவையில்லை.

கழுவாத இடத்தில் கழுவுபவர் யார்?

இது வெறும் குழாய் வேலை பற்றிய செய்தி அன்று. தண்ணீர் தன் வேலையைச் செய்யாத இடத்தில், அந்த வேலை ஒரு மனிதரின் கைக்குப் போகிறது. உலர் கழிப்பறைகளைத் தடைசெய்து 1993-இலும், மனிதக் கழிவை மனிதர் அகற்றுவதைத் தடைசெய்து 2013-இலும் நடுவண் அரசு சட்டங்கள் இயற்றியது. எல்லாப் பள்ளிகளிலும் மாணவர்க்கும் மாணவியர்க்கும் தனித்தனிக் கழிப்பறை வேண்டும் என 2012 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. கழிப்பறை கட்டி, வால்வு பொருத்தி, நீர் பாயாவிட்டால், காலையில் வாளியும் துடைப்பமுமாக வந்து நிற்பவர் துப்புரவுப் பணியாளரே. எங்கள் பள்ளியில் அந்த அம்மாள் பல மாதங்கள் இரண்டு மாடி ஏறித் தண்ணீர் சுமந்தார். அவர் ஒருநாளும் புகார் சொன்னதில்லை. நாங்களாகக் கேட்டிருக்க வேண்டும்.

சிகாகோவின் வால்வு நல்ல கருவிதான். போதிய உயரமும் அகன்ற குழாயும் உள்ள இடத்தில் அது பல ஆண்டுகள் உழைக்கும். அவை இல்லாத இடத்தில் பழைய தொட்டியோ, ஊற்றிக் கழுவும் கோப்பையோ அதைவிட நன்றாகக் கழுவும். கழிப்பறை கட்டும் முன் கடையில் வால்வைத் தேர்ந்தெடுப்பதற்குப் பதிலாக, முதலில் மொட்டைமாடிக்கு ஏறித் தொட்டியின் உயரத்தையும் குழாயின் அளவையும் பார்த்துவிட்டு இறங்குவது நல்லது.